ஒன்பதாம் நாள் காய்ச்சல்: நான்கு வகை மிகையுணர்வையும் எப்படித்தான் பிரித்து அறிவது?

செவ்வந்திப்பூ (பி.எஸ்சி. நர்சிங், இரண்டாம் ஆண்டு) – இரவு 9.14

அனைவருக்கும் வணக்கம். உள்மதிப்பீட்டுத் தேர்வில் அடி வாங்கிவிட்டு வந்திருக்கிறேன். கேள்வி இதுதான்: பாம்பு கடித்த பத்து வயதுச் சிறுவனுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டான். ஒன்பதாம் நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முட்டி வீக்கம், அக்குளில் நெறிகட்டல் என்று மறுபடி அழைத்து வருகிறார்கள். இது எந்த வகை மிகையுணர்வு (எதிர்ப்பு மண்டலம் அளவுக்கு மீறி அடித்து உடம்பையே காயப்படுத்துவது)? செவிலியர் என்ன செய்ய வேண்டும்?

'விஷமுறிவு மருந்துக்கு ஒவ்வாமை, ஆகவே முதல் வகை' என்று எழுதி, அட்ரினலின் ஊசி வரைக்கும் இரண்டு பக்கம் நிரப்பினேன். பத்துக்கு ஒன்றரை கிடைத்தது. அந்த அரை மதிப்பெண் கையெழுத்துக்காக இருக்கும்.

நான்கு வகைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். முதல் வகை உடனடி ஒவ்வாமை, இரண்டாவது செல் அழிவு, மூன்றாவது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கூட்டுத் துகள், நான்காவது தாமத வகை. ஆனால் ஒரு நோயாளியைக் காட்டி 'இது எது' என்று கேட்டால் கை நடுங்குகிறது. பல்கலைக்கழகத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான். எப்படிப் படிப்பது?

இரவுப்பணி (ஸ்டாஃப் நர்ஸ், 17 ஆண்டு) – இரவு 10.02

தங்கையே, எண்ணைத் தூக்கி ஓரமாக வை. நோயாளியைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேள்: இந்த உடம்பில் ஆயுதம் ஏற்கெனவே தயாராக இருந்ததா, இனிமேல்தான் செய்ய வேண்டியிருந்ததா?

அடுக்களையில் நின்று யோசி. திடீரென்று விருந்தாளி வருகிறார். தோசை மாவு புளித்துத் தயாராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் தோசை. அதுதான் முதல் வகை. முன்பு எப்போதோ பட்ட பொருளுக்கு எதிராக ஐஜிஇ என்ற வகை எதிர்ப்பொருள் உருவாகி, தோலிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. செல்லுக்குள் அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அதே பொருள் மறுபடி வந்தால் பொட்டலம் உடைய வேண்டியதுதான் பாக்கி. அதனால்தான் நிமிடக் கணக்கு.

உன் கேள்வியில் வரும் சிறுவனின் வீட்டில் மாவே இல்லை. அரிசியை ஊறப்போடுவதிலிருந்து தொடங்க வேண்டும். விஷமுறிவு மருந்து குதிரையின் எதிர்ப்பொருள். அதாவது வேற்று விலங்கின் புரதம். அதைப் பார்த்து அவன் உடம்பு எதிர்ப்பொருள் செய்து முடிக்க ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதற்குள் குதிரைப் புரதம் முழுவதும் வெளியேறிவிடாது. மிச்சம் இருப்பதோடு புது எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டு சிறு சிறு கூட்டுத் துகள்களாக இரத்தத்தில் மிதக்கும். அவை வடிகட்டும் இடங்களில் போய்ப் படியும்: மூட்டு, தோலின் நுண்குழாய், சிறுநீரகம். படிந்த இடத்தில் காம்ப்ளிமென்ட் என்ற, இரத்தத்தில் உள்ள பாதுகாப்புப் புரதங்கள் விழித்துக்கொள்ளும். வெள்ளணுக்கள் ஓடிவந்து அழற்சியை உண்டாக்கும். காய்ச்சல், தடிப்பு, முட்டி வீக்கம் எல்லாம் அதனால்தான். இது மூன்றாம் வகை, பெயர் சீரம் நோய். 'ஒன்பதாம் நாள்' என்று கேள்வியிலேயே விடையைக் கொடுத்திருக்கிறார்கள். நீ 'விஷமுறிவு மருந்து' என்ற சொல்லைப் பார்த்ததும் நாளைப் பார்க்காமல் ஓடிவிட்டாய்.

நான்காம் வகையில் எதிர்ப்பொருளே கிடையாது. முன்பு பார்த்ததை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் (ஒரு வகை வெள்ளணு) இருக்கின்றன, ஆனால் சம்பவ இடத்தில் இல்லை. வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஆள் சேர்த்து, வேலையைத் தொடங்க இரண்டு மூன்று நாள் ஆகும். காசநோய்க்கான மான்டோ தோல் பரிசோதனையை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

இரண்டாம் வகையை நாளை எழுதுகிறேன், வார்டில் அழைக்கிறார்கள்.

கடற்கரைக்காரன் (ஜி.என்.எம். மூன்றாம் ஆண்டு) – இரவு 10.31

அக்கா, மாவுக் கணக்கு அருமை. ஆனால் ஒரு சந்தேகம். உடனடி ஒவ்வாமை என்றால் புத்தகத்தில் அட்ரினலின் என்று இருக்கிறது. நான் பயிற்சிக்குப் போகும் வார்டில் முதலில் ஏவில் (ஒவ்வாமை முறி ஊசி), அடுத்து ஹைட்ரோகார்டிசோன் (ஸ்டீராய்டு). அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் அட்ரினலினைப் பற்றிப் பேச்சே வரும். 'அட்ரினலின் போட்டால் நெஞ்சு படபடத்து ஆளே போய்விடுவான்' என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். அனுபவசாலிகள் சொல்வதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

இரவுப்பணி – அதிகாலை 4.50

தம்பி, தப்பு என்றால் தப்புத்தான். அனுபவம் பெரியது என்பதற்காகத் தப்பு சரியாகிவிடாது. நானும் முதல் ஐந்தாறு ஆண்டு அப்படித்தான் செய்தேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஏவில் தடிப்பையும் அரிப்பையும் தணிக்கும். விழுந்துபோன இரத்த அழுத்தத்தை அது தூக்காது, அடைக்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது. ஹைட்ரோகார்டிசோன் வேலை செய்யவே மணிக்கணக்கில் ஆகும். அனஃபிலாக்சிஸில், அதாவது உயிருக்கே ஆபத்தான உடனடி ஒவ்வாமையில், உன்னிடம் இருப்பது நிமிடங்கள். அட்ரினலின் ஒன்றுதான் இரத்தக்குழாயை இறுக்கி, மூச்சுக்குழாயை விரித்து, மாஸ்ட் செல் மேலும் மேலும் பொட்டலம் உடைப்பதையும் தடுக்கும்.

பெரியவர்களுக்கு 1:1000 ஆம்பூலிலிருந்து (ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம்) 0.5 மில்லி, தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறத் தசையில். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடியும். படபடப்பு வரும்; வரட்டும். அந்தப் பயமெல்லாம் பெரும்பாலும் நரம்பு வழியாக அவசரத்தில் தவறான அளவு போட்டதனால் வந்த பயம். தசையில் சரியான அளவு போட்டால் அஞ்ச வேண்டியதில்லை. தோலுக்கடியில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகளிடம் அளந்து பார்த்த ஆய்வில், தொடைத் தசையில் போட்டால் சராசரியாக 8 நிமிடத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது. தோலுக்கடியில் போட்டால் 34 நிமிடம். மூச்சு அடைத்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு 26 நிமிடம் எவ்வளவு நீளம் என்று நினைத்துப்பார்.

இன்னொன்று, புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோவார்கள். ஆளை எழுப்பி உட்கார வைக்காதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட சற்று நேரத்தில் ஒருவருக்கு உடம்பு சிவந்து தலை சுற்றியது. படுக்கவைத்தோம், கொஞ்சம் தெளிந்தார். 'தண்ணீர் குடிக்கட்டும்' என்று யாரோ தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார்கள். அப்படியே சாய்ந்தார். விரிந்த குழாய்களுக்குள் இரத்தம் தேங்கிக் கிடக்கும்போது நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்ப இரத்தமே இல்லை. நல்லவேளை, மயக்கவியல் மருத்துவர் பக்கத்து அறையில் இருந்தார், பிழைத்தார். அன்றிலிருந்து எனக்கு இது சட்டம்: படுக்கவை, காலை உயர்த்து. மூச்சுத் திணறல் மட்டுமே பிரச்சினை என்றால் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாகப் படுக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை – காலை 7.20

இரவுப்பணி சிஸ்டர் சொன்னதில் பெரும்பகுதி சரி. நான் வகுப்பில் சொன்னதைவிட நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு திருத்தம். செவ்வந்தி, இது உனக்கும் முக்கியம்.

விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் வரும் தடிப்பும் வாந்தியும் மூச்சிரைப்பும் பார்வைக்கு அச்சு அசலாக முதல் வகைபோல் இருக்கும். ஆனால் அந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் குதிரைப் புரதத்தை முன்பு கண்டதே இல்லை. மாவே அரைக்காத வீட்டில் தோசை எப்படி வந்தது? ஐஜிஇ இல்லாமலேயே, மருந்தில் உள்ள புரதங்கள் காம்ப்ளிமென்டை நேராகத் தூண்டி மாஸ்ட் செல்களை உடைக்கின்றன என்பது பொதுவான விளக்கம். தோலில் சிறிதளவு குத்திப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் ஐஜிஇயைத்தானே தேடும்? அதனால்தான் அது யாருக்கு எதிர்வினை வரும் என்று சொல்லாது. உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டு வழிகாட்டுதல்களும் விஷமுறிவு மருந்துக்கு டெஸ்ட் டோஸ் வேண்டாம் என்கின்றன. அதில் வீணாகும் அரை மணி நேரத்தில் கண்ணாடி விரியனின் நஞ்சு சும்மா இருக்காது. காரணம் எதுவானாலும் சிகிச்சை ஒன்றுதான்: ஏற்றுவதை நிறுத்து, அட்ரினலின் போடு, அடங்கியதும் மெதுவாக மறுபடி தொடங்கு.

'அனஃபிலாக்சிஸ்' என்ற பெயர் வந்த கதையை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடமாட்டேன். 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியர் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் கடலுயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். கரைக்கு வந்த பிறகு கடல் சாமந்தியின் நஞ்சைச் சிறு அளவில் நாய்களுக்குக் கொடுத்துப் பழக்கினால் அவை தாங்கும் சக்தி பெறும் என்று எதிர்பார்த்தார்கள். சில வாரம் கழித்து இரண்டாம் முறை மிகச் சிறிய அளவு கொடுத்ததும் நாய் நிமிடங்களில் செத்தது. பாதுகாப்புக்கு நேர் எதிரானது என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார் ரிஷே. 1913-இல் நோபல் பரிசும் கிடைத்தது. 'கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் சரியாகிவிடும்' என்று ஊரில் யாராவது சொன்னால் அந்த நாயை நினைத்துக்கொள்.

நான்கு வகை என்பதே 1963-இல் ஜெல், கூம்ஸ் இருவரும் வகுத்த ஒரு வசதி. நோய்களுக்கு அது தெரியாது. பென்சிலின் ஒன்றை எடுத்துக்கொள். ஒருவருக்கு நிமிடங்களில் அனஃபிலாக்சிஸ். இன்னொருவருக்குச் சிவப்பணுவின் மேல் மருந்து ஒட்டிக்கொண்டு, எதிர்ப்பொருள் அந்த அணுவையே அழித்து இரத்தசோகை. மூன்றாமவருக்குச் சீரம் நோய். நான்காமவருக்கு டி செல் வழித் தோல் தடிப்பு. ஒரே மருந்து, நான்கு வகையும். 'பென்சிலின் என்றால் முதல் வகை' என்று மனப்பாடம் செய்கிறவர்கள் விழுவது இங்கேதான்.

மகப்பேறு வார்டு – காலை 8.05

இரண்டாம் வகையை நான் எடுத்துக்கொள்கிறேன், இரவுப்பணி அக்கா தூங்கட்டும்.

இங்கே எதிர்ப்பொருள் நேராக ஒரு செல்லின் மேல் போய் ஒட்டும். அந்தச் செல்தான் சாகும். ஆர்எச் நெகடிவ் தாய், பாசிடிவ் குழந்தை. முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். ஏனென்றால் தாயின் உடம்பு குழந்தையின் இரத்தத்தை அதிகமாகச் சந்திப்பது பிரசவ நேரத்தில்தான். ஆயுதம் செய்து முடிக்கும்போது குழந்தை வெளியே வந்துவிட்டது. அடுத்த கர்ப்பத்தில் தயாராக இருக்கும் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் நச்சுக்கொடியைக் கடந்து போய்க் குழந்தையின் சிவப்பணுவை உடைக்கும். பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி (உள்ளே நுழைந்த குழந்தையின் சிவப்பணுவை அகற்றும் எதிர்ப்பொருள்) போடுவது, தாயின் உடம்பு அரிசி ஊறப்போடும் முன்பே விருந்தாளியை வாசலோடு அனுப்பிவிடுவதற்குத்தான். கருச்சிதைவு ஆனாலும் போட வேண்டும், அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இதே இரண்டாம் வகையில் நிமிடக் கணக்கில் வருவதும் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள்: இரத்தப் பிரிவு மாறி ஏற்றுவது. ஓ பிரிவுக்காரரிடம் ஏ, பி இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள் பிறந்த சில மாதங்களிலிருந்தே தயாராக இருக்கிறது. முதல் 15 நிமிடம் படுக்கையை விட்டு நகராதே என்பது அதற்காக. முதுகுவலி, நடுக்கம், 'என்னவோ போல் இருக்கிறது' என்று சொல்வது, சிவந்த சிறுநீர் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்து. குழாயை மாற்றி சலைன் ஓடவிடு, பையைத் தூக்கிப் போடாமல் இரத்த வங்கிக்கு அனுப்பு.

வடமராட்சித் தாதி – காலை 9.40

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எதிர்ப்பொருள் என்பதை நாங்கள் பிறபொருளெதிரி என்று படித்தோம். எங்களுக்கு வரும் விஷமுறிவு மருந்து நெடுங்காலமாக இந்தியாவில் தயாரானதுதான். எதிர்வினைகளும் நிறையப் பார்த்திருக்கிறோம். அதனால் இங்கே பெரிய ஆய்வொன்று நடந்து 2011-இல் வெளிவந்தது. மருந்து ஏற்றும் முன்பே 0.25 மில்லி அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டவர்களுக்குக் கடுமையான எதிர்வினை கணிசமாகக் குறைந்தது. ஹைட்ரோகார்டிசோனும் புரோமெத்தசின் என்ற ஒவ்வாமை முறியும் முன்கூட்டிக் கொடுத்ததால் பயன் தெரியவில்லை. கடற்கரைத் தம்பி இதை உங்கள் வார்டில் காட்டலாம்.

ஆனால் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வராமல் தடுக்கப் போடும் சிறு அளவு, அதனால் தோலுக்கடியில். வந்த பிறகு என்றால் அக்கா சொன்னபடி தொடைத் தசையில், முழு அளவு.

ஓய்வுபெற்ற ஆசிரியை – காலை 9.58

மிகச் சரியாகப் பிரித்தீர்கள் அம்மா. இந்த இரண்டையும் ஒன்றாக்கி விடைத்தாளில் எழுதுகிறவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

தோட்டக்காரர் – காலை 11.15

நான் செவிலியர் இல்லை, மகள் படிக்கிறாள் என்று இங்கே எட்டிப்பார்த்தேன். இவ்வளவு சிக்கலும் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தானே? அதைக் கூட்டும் பொடியும் கஷாயமும் கொடுத்தால் போதாதா?

இரவுப்பணி – மதியம் 1.30

ஐயா, கோபிக்காதீர்கள். இந்த இழையில் இதுவரை நாங்கள் பேசிய நோயாளிகளில் ஒருவருக்கும் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. இடம் தெரியாமல் அடிப்பதுதான் சிக்கல். லூபஸ் நோயில் உடம்பு தன் செல்லின் கருவுக்கே எதிர்ப்பொருள் செய்கிறது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். முகத்தில் வண்ணத்துப்பூச்சிபோல் சிவப்பு, மூட்டுவலி, பிறகு சிறுநீரில் புரதம். அவர்களுக்கு எதிர்ப்பு மண்டலத்தை அடக்கத்தான் மருந்து கொடுக்கிறோம். ஒருபக்கம் நாங்கள் அடக்க, மறுபக்கம் வீட்டில் 'கூட்டும்' பொடி என்றால், என்ன ஆகும் என்று சிறுநீரகத்தைத்தான் கேட்க வேண்டும். ஸ்டீராய்டை 'முகம் ஊதுகிறது' என்று திடீரென்று நிறுத்திவிட்டு மயங்கி வந்த பெண்களையும் பார்த்திருக்கிறேன். நாளாக அதைச் சாப்பிட்டால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

உண்மையாகவே எதிர்ப்பு குறைந்தவர்கள் வேறு. கீமோ (புற்றுநோய் மருந்து) வார்டில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500-க்குக் கீழே போனவருக்குக் கிருமி தொற்றினால் சீழ் கட்டாது, சிவக்காது. சீழ் என்பதே செத்த வெள்ளணுக்கள்தான். அவை இல்லாதபோது எதை வைத்துக் கட்டும்? காய்ச்சல் ஒன்றுதான் கூப்பாடு. அதை அலட்சியம் செய்யாமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஓட வேண்டும்.

தோட்டக்காரர் – மதியம் 1.52

கோபம் இல்லை அம்மா. மகளிடம் காட்டினேன், சிரிக்கிறாள்.

ஆய்வகத்தான் – மாலை 4.10

மான்டோ பற்றி ஒரு வேண்டுகோள். சிவப்பை அளக்காதீர்கள். தடித்திருப்பதை விரலால் தடவி, முன்கையின் குறுக்கே அளக்க வேண்டும். 'சிவப்பு 20 மில்லிமீட்டர்' என்று சீட்டில் எழுதி வந்தால் எனக்கு ஒன்றும் புரியாது. பொதுவாக 10 மில்லிமீட்டர் பாசிடிவ். எச்ஐவி உள்ளவருக்கு 5 போதும். டி செல்லே குறைந்தவருக்குக் காசநோய் இருந்தும் தடிக்காமல் போகலாம். பஸ் ஏறி வர ஆளே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கள ஊழியர் – மாலை 5.25

தொழுநோய்ப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் ஒரு பொறியைக் காட்டிவிட்டுப் போகிறேன். தொழுநோயில் எதிர்வினை இரண்டு உண்டு, 'டைப் 1', 'டைப் 2' என்பார்கள். அந்த டைப் 1, டி செல் வழி வருவது. அதாவது இங்கே பேசும் நான்காம் வகை. டைப் 2, கூட்டுத் துகள் வழி வருவது. இங்கே மூன்றாம் வகை. எண்ணை மட்டும் படித்தவர்கள் தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதுவார்கள். வார்டில் அதைவிட மோசம்: டைப் 1-இல் நரம்பு வீங்கி, ஸ்டீராய்டு தாமதமானால் கை மடங்கிப்போகும். மருந்து சாப்பிடும்போது எதிர்வினை வந்தால் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று நோயாளி நிறுத்திவிடுவார். நிறுத்தக் கூடாது என்று சொல்ல வேண்டியது செவிலியர்.

செவ்வந்திப்பூ – இரவு 8.47

எல்லோருக்கும் நன்றி. விடையை மறுபடி எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்.

"சிறுவனின் உடம்பில் முன்பு குதிரைப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இல்லை. ஒரு வாரத்தில் உருவான எதிர்ப்பொருள், மிச்சமிருந்த புரதத்தோடு கூட்டுத் துகளாகி மூட்டிலும் தோலிலும் படிந்தது. மூன்றாம் வகை, சீரம் நோய். இரத்த அழுத்தமும் மூச்சும் சீராக இருப்பதால் அட்ரினலின் தேவையில்லை. மருத்துவர் உத்தரவுப்படி ஒவ்வாமை முறி மருந்து; ஓரிரு நாளில் தணியாவிட்டால் சில நாள் பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு). மூட்டுக்கு ஓய்வு, காய்ச்சல் பதிவு, நீர் ஆகாரம்."

இரவுப்பணி – இரவு 9.30

நன்றாக இருக்கிறது. இரண்டு விட்டுப்போயிற்று. துகள் படியும் மூன்றாவது இடத்தை மறந்துவிட்டாய். சிறுநீரில் புரதமும் இரத்தமும் பார், அளவு குறித்து வை. அடுத்தது, அவனை முதல் முறை வீட்டுக்கு அனுப்பிய நாளில் அம்மாவிடம் யாராவது 'ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல், மூட்டுவலி வரலாம், வந்தால் இங்கேயே வாருங்கள்' என்று சொன்னார்களா? சொல்லாவிட்டால் அவள் 'விஷம் இன்னும் இறங்கவில்லை' என்று மந்திரிக்க அழைத்துப் போவாள். அதையும் எழுது.

கடற்கரைக்காரன் – மறுநாள் காலை 10.12

அக்கா, இன்று வார்டில் அவசர ட்ரேயைத் திறந்து பார்த்தேன். அட்ரினலின் ஆறு ஆம்பூல் இருக்கிறது, ஆனால் அடுத்த மாதத்தோடு காலாவதி. பொறுப்பு சிஸ்டரிடம் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். 'நல்லவேளை பார்த்தாய்' என்று இன்டென்ட் (மருந்து கேட்டு எழுதும்) புத்தகத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டார். எழுதிவிட்டேன்.

இரவுப்பணி – காலை 10.20

ஒரு மில்லி சிரிஞ்சும் சேர்த்து எழுதினாயா? ட்ரேயில் பத்து மில்லி மட்டும் வைத்துக்கொண்டு அரை மில்லியை எப்படி அளப்பாய்?

கடற்கரைக்காரன் – காலை 10.21

இல்லை அக்கா. இதோ போகிறேன்.